ஓடுகிறவனைக் கண்டால்...

விடியற்காலை மூன்றரை மணிக்கு மயிலாப்பூரில் விழித்திருப்பவர்கள் மொத்தம் நாலே ரகம்தான். பால் பாக்கெட் போடுகிறவர். பேப்பர் கட்டைப் பிரித்து அடுக்குகிறவர். மார்கழி மாதமாக இருந்தால், மாட வீதி பஜனைக்குக் குளித்து முழுகி நிற்கும் பெரியவர். நாலாவது ரகம், அரை டிராயரோடு தெருமுனையில் நின்று காலை மடக்கி மடக்கி நீட்டிக் கொண்டிருக்கும் என்னைப் போன்ற ஆசாமிகள். முதல் மூன்று பேருக்கும் தெருவில் ஒரு மரியாதை உண்டு. நாலாவது ஆளைப் பார்த்தால் நாய்கூட, 'இவன் எதையோ தூக்கிக்கிட்டு ஓடறான்' என்ற முடிவுக்குத்தான் வருகிறது.

'ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம்' என்று சும்மாவா சொன்னார்கள்? சொன்ன மகானுபாவர் நிச்சயம் லஸ் கார்னரில் ஓடிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயசு முப்பத்தெட்டு. படித்தது பி.காம். பிழைப்பு, இப்படி எதையாவது எழுதுவது. ஆறு வருஷமாக ஓடுகிறேன். பரிசு வாங்குவதற்காக இல்லை. அந்த ஆபத்து எனக்கு வராது. அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டரை, ரொம்ப நல்ல நாளில் இரண்டு மணி நாலு நிமிஷத்தில் முடிப்பேன். நான் வந்து சேரும்போது முதல் பரிசுக்காரர் மேடையேறி, கை குலுக்கி, பொங்கல் சாப்பிட்டு, கையும் கழுவியிருப்பார்.

ஓடுகிறவனிடம் ஊரும் உறவும் கேட்கும் கேள்விகள் மூன்று. 'எதுக்கு ஓடறே?', 'முட்டி போயிடாதா?', 'காசு ஏதாவது குடுப்பாங்களா?' மூன்றாவது கேள்வியைக் கேட்டது என் பெரியம்மா.

"இல்ல பெரியம்மா, நாமதான் காசு கட்டணும்."

பெரியம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "காசையும் குடுத்துட்டு ஓடிட்டும் வர்றியா? அதுக்குப் பேர் சீட்டுக் கம்பெனியில ஏமாந்ததுடா!"

* * *

வணிகவியல் படித்தவன் என்பதால் ஒரு வருஷம் உட்கார்ந்து ஐந்தொகை போட்டேன். பற்றுப் பக்கம்: ஷூ ஒரு ஜோடி. ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் ஓடினால் அடிப்பாகம் செத்துவிடும், வேறு வாங்க வேண்டும். பதிவுக் கட்டணம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். பிறகு வெளியூர் என்றால் ரயில், ரூம். வீட்டில் காபித்தூளைவிட வேகமாகத் தீரும் எலெக்ட்ரால் பாக்கெட்.

வரவுப் பக்கம்: ஒரு பனியன். ஒரு மெடல். ஒரு வாழைப்பழம். ஒரு இட்லி-வடை பொட்டலம்.

நிகர நஷ்டம்தான். ஆனால் கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், 'குட்வில்' என்று ஒரு அயிட்டம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, ஆனால் கம்பெனியை விற்கும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். ஓடுவதில் கிடைப்பது அந்த ரகம். முழங்காலுக்கு மட்டும் தேய்மானம் எழுதிக் கொள்ள வேண்டும்.

சரி, சென்னையில் எங்கே ஓடுவது? தி.நகர்வாசிகளுக்கு ஐந்து மணிக்கு முன்னால் பாண்டி பஜார் ஒரு சொர்க்கம். அகலமான நடைபாதை, மேலே மரம். அதே இடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடினால் நாலு பேர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். எங்கள் ஏரியாவில் நாகேஸ்வரராவ் பூங்கா உண்டு. ஆனால் அது நடப்பவர்களின் சாம்ராஜ்யம். அங்கே வேகமாக ஓடினால், பென்ஷன், பேரன், சபா கச்சேரி ஆகிய மூன்று பேச்சுகளையும் பாதியில் வெட்டிய பாவம் சேரும். ஆகவே மெரினா. கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்து நேப்பியர் பாலம் தொட்டுத் திரும்பினால் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. காந்தி சிலை, உழைப்பாளர் சிலை என்று வரிசையாகப் பெரியவர்கள் பார்த்துக் கொண்டிருப்பதால் நடுவில் உட்காரக் கூச்சமாக இருக்கும். அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்களுக்கு எலியட்ஸ் பீச். அங்கே ஓடுகிறவர்களைவிட ஓடி முடித்துக் காபி குடிப்பவர்கள் ஜாஸ்தி என்று ஒரு பேச்சு உண்டு. காபி நன்றாக இருப்பதால் நான் அதை ஆட்சேபிப்பதில்லை.

* * *

கச்சேரிக்கு சீசன் இருப்பதுபோல் ஓட்டத்துக்கும் சீசன் உண்டு. வேடிக்கை என்னவென்றால், சென்னையில் இரண்டும் ஒரே சமயத்தில் வருகின்றன. டிசம்பர் கடைசியில் சபா கேன்டீனில் போளியும் வாழைப்பூ வடையும் கூப்பிடும். ஜனவரி முதல் வாரத்தில் மாரத்தான் கூப்பிடும். முந்தினதுக்குச் சரியென்று சொன்னால் பிந்தினதில் மூச்சு வாங்கும்.

2006-ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் என்ற அமைப்புதான் சென்னை மாரத்தானை நடத்துகிறது. சில வருஷங்களாக அது ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி நடக்கிறது. 2024-ல் ஜனவரி 6, சனிக்கிழமை. 2025-ல் ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தில் இருட்டிலேயே கிளம்பும். அரை மாரத்தான் எலியட்ஸ் பீச்சில் கிளம்பும். இரண்டும் முடிவது தரமணிப் பக்கம். நடுவில் 'இருபது மைல்' என்று ஒரு பிரிவு உண்டு. அது 32 கிலோமீட்டர். அரைக்கு மேல், முழுசுக்குக் கீழ். கல்யாண வயசில் பையன் வேலைக்குப் போகாமல் எம்.ஃபில். படிப்பதுபோல ஒரு இடைநிலை. பந்தய தினத்தில் மெட்ரோ ரயிலே விடியற்காலை மூன்று மணிக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. நம்மால் ஒரு ரயிலின் தூக்கம் கெடுகிறது என்று நினைக்கும்போது ஒரு பெருமை!

ஜனவரி மூன்றாவது ஞாயிறு, மும்பை. 2004-ல் ஆரம்பித்தது. இந்தியாவில் ஆபீஸ் போகிறவர்களையெல்லாம் ரோட்டில் இறக்கி ஓட வைத்த பந்தயம் அதுதான். பிப்ரவரியில் ஆரோவில். 2008-லிருந்து நடக்கிறது. செம்மண் பாதை, மர நிழல், போட்டி கிடையாது, முதல் இரண்டாம் பரிசு கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த பந்தயம். பரிசே இல்லாத இடத்தில் நானும் சாம்பியனும் ஒன்று.

ஜூலையில் சென்னையின் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான். இதில் சேரும் பணம் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தப் போகிறது. கால் இருக்கிறவன் ஓடி, இல்லாதவனுக்குக் கால் வாங்கிக் கொடுக்கிறான். நானும் எவ்வளவோ நன்கொடை ரசீது பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேரான கணக்கைப் பார்த்ததில்லை. ஆனால் ஜூலை மாதச் சென்னை வேறு ஒரு பாடம். வெயில்கூட அப்புறம்தான். காற்றிலிருக்கும் ஈரம்தான் வில்லன். வியர்வை உடம்பைக் குளிர வைப்பது அது ஆவியாகிப் போகும்போது. காற்றே ஏற்கெனவே தெப்பமாக நனைந்திருந்தால் வியர்வை எங்கே போகும்? சட்டையில் இறங்கி ஷூவுக்குள் குடி போகும். உடம்பு உள்ளே கொதிக்கும். அதனால் ஜனவரியில் ஓடும் வேகத்தை ஜூலையில் எதிர்பார்க்கிறவன், ஐப்பசியில் வடாம் காய வைக்கிற ரகம்.

ஆகஸ்டில் கலைஞர் நினைவு மாரத்தான். 2023-ல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 73,000 பேருக்கு மேல். சென்னையின் மேயராக இருந்து, 2021-ல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியவர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். வருஷக் கடைசியில் கோயம்புத்தூர். 2013-லிருந்து புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. கோவைக் குளிரில் ஓடிவிட்டு வந்து, 'நான் நல்ல ரன்னர்' என்று நினைத்துக் கொண்டிருந்தவர்களை அடுத்த மாதமே சென்னை திருத்திவிடும்.

* * *

பலரும் கேட்பார்கள், அதென்ன சார் 42.195? நாற்பத்திரண்டோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

நிறுத்தியிருக்கலாம். 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக்கில் சுமார் நாற்பதோடு நிறுத்தத்தான் செய்தார்கள். 1908-ல் லண்டன் ஒலிம்பிக் வந்தது. வின்ட்சர் அரண்மனையில் கிளம்பி, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அளந்தால் 26 மைலும் 385 கெஜமும் வந்தது. 1921-ல் உலக அமைப்பு அதையே நிரந்தரமாக்கிவிட்டது. ஆக, இன்றைக்கு ஒரு ஐ.டி. கம்பெனிப் பையன் தரமணியில் கடைசி 195 மீட்டரை நொண்டிக் கொண்டே ஓடுகிறான் என்றால், அது ஒரு ராஜ குடும்பம் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்ததன் பலன்.

அதற்கு நாலு வருஷம் முன்னால் 1904-ல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் இன்னும் தமாஷ். ஃப்ரெட் லோர்ஸ் என்பவர் நடுவழியில் களைத்துப் போய்க் காரில் ஏறி, பதினொரு மைல் சவாரி செய்து, கடைசியில் இறங்கி ஓடி வந்து முதலாவதாக நுழைந்தார். கூட்டம் கை தட்டியது. பிறகுதான் விஷயம் தெரிந்து வெளியே தள்ளினார்கள். நல்லவேளை, அங்கே ஷேர் ஆட்டோ இல்லை. இருந்திருந்தால் முதல் ஐந்து இடமும் ஒரே வண்டியில் வந்திருக்கும்!

நம் ஊர்ப் பெருமையும் உண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் சிவநாத் சிங் பதினோராவதாக வந்தார். வெறுங்காலோடு. 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிஷம், பல பத்தாண்டுகள் இந்தியாவின் தேசிய சாதனையாக நின்றது. ஷூவுக்குள் எந்த நுரை, எந்தத் தகடு என்று கடையில் அரை மணி நேரம் ஆராய்ச்சி பண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். ஆனாலும் ஷூ வாங்கிக் கொண்டுதான் வருவேன்.

* * *

இதுவரை சொன்னது சிரிப்பு. இனி சொல்லப் போவது என் சித்தப்பா மகனைப் பற்றி.

அவனுக்கு வயசு முப்பத்தாறு. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பதுக்கு எழுந்திருப்பான். நடுவில் எழுந்திருப்பது டீக்கும் பஃப்ஸுக்கும். 2024 டிசம்பர் நடுவில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, ஆபீஸ்ல டீமா ஹாஃப் மாரத்தானுக்குப் பேர் குடுத்துட்டோம். மூணு வாரம் இருக்கு. ஒரு ப்ளான் போட்டுக் குடுங்க."

"இதுவரைக்கும் எவ்வளவு ஓடியிருக்கே?"

"காலேஜ்ல பஸ்ஸைப் புடிக்க ஓடினதுதான்."

மூன்று வாரத்தில் 21 கிலோமீட்டர் என்பது, இந்த வாரம் டைப்ரைட்டிங் லோயர் சேர்ந்துவிட்டு மாசக் கடைசியில் சி.ஏ. ஃபைனல் எழுதுகிற மாதிரி. சும்மா இருந்தவன் நடந்து, நடந்தவன் மெல்ல ஓடி, ஓடியவன் 21 கிலோமீட்டர் தொட நாலைந்து மாதமாவது ஆகும். நுரையீரல் சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் நிதானமாகத்தான் பழகும். இதையெல்லாம் சொல்லிக் கொண்டே மாடிக்கு அழைத்துப் போனேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் நின்றுவிட்டான். கையை மார்பு மேல் வைத்துத் தேய்த்துக் கொண்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணா. கேஸ். ரெண்டு வாரமா இருக்கு. மாடி ஏறினா வருது, நின்னா போயிடுது."

அந்த 'கேஸ்' என்ற வார்த்தை இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் சாதாரண வார்த்தை இல்லை.

என் அப்பா தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தீபாவளி சமயமென்றால் பதினாலு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இடம். பேரேட்டில் ஒரு பைசா உதைத்தால் ராத்திரி தூங்க மாட்டார். 2003-ல், தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம், நெஞ்சு அடைக்கிறது என்றார். "கேஸ்தான், ஒரு சோடா வாங்கிட்டு வாடா" என்றார். வாங்கி வந்தேன். குடித்தார். ஏப்பம் வந்தது. "பாத்தியா, கேஸ்தான்" என்று சிரித்தார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். வயசு ஐம்பத்தொன்று. ஆயுசு பூராவும் ஊரார் கணக்கை டேலி பண்ணிய மனுஷன், தன் உடம்பை ஒரு தடவை ஆடிட் பண்ணவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு யாருமே பண்ணவில்லை. சித்தப்பாவுக்கு அறுபதில் பைபாஸ் ஆனது. இப்போது அவர் பையன் மாடிப்படியில் நின்று அதே வார்த்தையைச் சொல்கிறான்.

நான் ப்ளான் போட்டுக் கொடுத்தேன். ஒரே வரி ப்ளான். 'நாளைக் காலை எட்டு மணி, இதய டாக்டர்.'

கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "நீங்க மட்டும் ஓடலாம், நான் ஓடக்கூடாதா? டீம்ல பதினோரு பேர் இருக்கோம். நான் இல்லேன்னா என்ன நினைப்பாங்க?"

"பத்துப் பேர்னு நினைப்பாங்க" என்றேன்.

மறுநாள் சித்தியையும் சேர்த்துக் கொண்டு இழுத்துப் போனேன். சாதாரண ஈ.சி.ஜி. நன்றாகத்தான் இருந்தது. "பாத்தீங்களா?" என்று என்னைப் பார்த்தான். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ட்ரெட்மில் மேல் ஏற்றினார். ஆறாவது நிமிஷம் நிறுத்திவிட்டார். அப்புறம் ஆஞ்சியோகிராம். இதயத்துக்குப் போகும் குழாயில் ஓரிடத்தில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

டாக்டர் சொன்னது இது: உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குக் கொஞ்ச ரத்தம் போதும். குழாய் பாதி அடைத்திருந்தாலும் சமாளித்துவிடும். மாடி ஏறும்போது நிறைய கேட்கும். கிடைக்காது. அதுதான் மாடி ஏறினால் வந்து, நின்றால் போகிற வலி. வாயு அப்படி நேரம் பார்த்து வந்து போகாது.

* * *

இதைப் படித்துவிட்டு, 'ஓடினால் ஆபத்து' என்று யாராவது வீட்டில் கட்டிங் எடுத்து ஒட்டினால் நான் பொறுப்பில்லை. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2000-லிருந்து 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடியவர்களை எண்ணினார்கள். ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேர். அதில் இதயத் துடிப்பு நின்று விழுந்தவர்கள் 59 பேர். இறந்தவர்கள் 42 பேர். அதாவது இரண்டு லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்குக்குப் பக்கம். பந்தயத்தில் ஓடுவது அவ்வளவு பயங்கரம் ஒன்றுமில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007-ல் வெளியானது. முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயசு மற்ற நாட்டுக்காரர்களுக்கு 58.8. நம் பக்கத்துக்காரர்களுக்கு 53. ஏறக்குறைய ஆறு வருஷம் முன்னாலேயே நமக்கு நோட்டீஸ் வந்துவிடுகிறது. என் அப்பாவுக்கு ஐம்பத்தொன்றில் வந்தது. முப்பத்தெட்டு வயசில் நான் ஏன் விடிகாலையில் நாய்க்குப் பதில் சொல்லிக் கொண்டு நிற்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னதில்லை. அவளுக்கும் தெரியும்.

அந்த 59 பேரில் பிழைத்தவர்களைப் பற்றியும் அதே ஆய்வு ஒன்று சொல்கிறது. பக்கத்தில் இருந்தவர் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்ததுதான் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கற்றுக் கொள்ள ஒரு சாயங்காலம் போதும். நாம் ஷூ தேர்ந்தெடுக்கும் நேரத்தைவிடக் கம்மி.

இதற்கு நடுவில் ஆபீஸிலிருந்து தம்பிக்கு ஒரு போன். உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, டீம் தலைவர் மெல்ல ஆரம்பித்தாராம். "உன் நம்பர் சும்மாத்தானே இருக்கு? நம்ம புதுப் பையன் ஒருத்தன் அதை மாட்டிக்கிட்டு ஓடட்டுமே."

ஸ்பீக்கரில் கேட்டுக் கொண்டிருந்த நான் போனை வாங்கி, வேண்டாம் சார் என்றேன். நம் ஊரில் இது சகஜம். சினிமா டிக்கெட் மாதிரி நம்பரைக் கை மாற்றிவிடுவார்கள். ஆனால் மார்பில் குத்தும் அந்தத் தாளில் இருப்பது வெறும் நம்பர் இல்லை. அதற்குப் பின்னால் ஓடுகிறவன் பெயர், ரத்த குரூப், ஆபத்தென்றால் யாருக்குப் போன் பண்ணுவது என்ற விவரம் எல்லாம் இருக்கிறது. புதுப் பையன் பதினெட்டாவது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ்காரர் யாருக்குப் போன் பண்ணுவார்? என் சித்திக்கு. பிள்ளை பக்கத்து ரூமில் படுத்திருக்க, 'உங்க பையன் ரோட்ல விழுந்துட்டார்' என்று ஒரு குரல் கேட்கும். அங்கே அந்தப் பையனின் அம்மாவுக்கோ ஒரு விஷயமும் தெரியாது. டீம் தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை நான் யோசிக்கலை சார்" என்றார். நல்ல மனிதர். பிப்ரவரியில் அதே ஆபீஸில் முதலுதவி வகுப்பு நடந்தது. நாற்பது பேர் வந்தார்களாம். ஸ்டென்ட் வைத்த பையன்தான் முதல் வரிசை.

* * *

2025 ஜனவரி 5. நான் அரை மாரத்தான் ஓடினேன். இரண்டு மணி பதினோரு நிமிஷம். பெசன்ட் நகர் இருட்டில் ஆயிரக்கணக்கான கால்கள் தரையில் படும் சத்தம் இருக்கிறதே, அது மழை ஆரம்பிப்பதற்கு முன் இலைகளில் கேட்கும் சத்தம் மாதிரி. அதற்காகவே காசு கட்டலாம். தெருவோரத்தில் கோலம் போட்டுக் கொண்டிருந்த ஒரு அம்மா, புள்ளி வைத்த கையோடு நிமிர்ந்து, "மெதுவா போங்கப்பா" என்றார். அது பாராட்டா, கவலையா தெரியவில்லை. என் வேகத்துக்கு அதற்கு மேல் மெதுவாகப் போக வழியும் இல்லை.

சாயங்காலம் மெடலை எடுத்துக் கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். தம்பி கையில் வாங்கி எடை பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"வெச்சுக்கோடா."

"வேணாம்ணா. உங்க வரவை என் கணக்குல ஏத்தினா டேலி ஆகாது."

பெரியப்பாவின் பேரேடு ரத்தம் எங்கே போகும்?

டாக்டர் சொன்ன கணக்குப்படி அவன் நடக்க ஆரம்பித்தான். முதலில் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை. பிறகு நாகேஸ்வரராவ் பூங்கா. பெரியவர்களின் பென்ஷன் பேச்சைக் கேட்டபடியே நாலு சுற்று. மாத்திரை ஒரு நாள் தவறவில்லை. பஃப்ஸ் போனது, கடலை வந்தது. ஆறு மாதம் கழித்து இன்னொரு ட்ரெட்மில் டெஸ்ட். டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் மெல்ல ஓட்டம். இப்போது மெரினாவில் காந்தி சிலை வரை என்னோடு வருகிறான். வரும் ஜனவரிக்குப் பத்து கிலோமீட்டரில் அவன் பெயர், அவன் நம்பர். பாதி ஓட்டம், பாதி நடை. பந்தயங்களில் 'பேஸர்' என்று கொடி பிடித்துக் கொண்டு ஒரே வேகத்தில் ஓடுகிறவர்கள் இருப்பார்கள். அவர் பின்னால் ஒரு கும்பல் போகும். அதை 'பஸ்' என்போம். அன்றைக்கு நான் என் இரண்டு மணிக் கனவை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டு அவனுக்கு பஸ் ஓட்டப் போகிறேன். ஒரே ஒரு பாசஞ்சர். எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும்.

ஆகவே, ஆபீஸ் நண்பர்களே, வாருங்கள். ஆனால் ஓட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உடம்புக்கு ஒதுக்குங்கள். பி.பி., சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயசில் நெஞ்சுவலி வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முப்பதைத் தாண்டியவனுக்கு மாடி ஏறும்போது வரும் 'கேஸ்' மட்டும் சோடாவுக்குக் கட்டுப்படாது. வயசாகிவிட்டது என்று தயங்காதீர்கள். ஃபௌஜா சிங் முதல் மாரத்தான் ஓடியது 2000-ல் லண்டனில். அப்போது அவருக்கு வயசு 89 என்பார்கள். 2011-ல் டொரான்டோவிலும் ஓடி முடித்தார். மூன்று வாரத்தில் ஆகாதது முப்பது வாரத்தில் தாராளமாக ஆகும்.

போன வாரம் சித்தப்பா கூப்பிட்டார். பைபாஸ் ஆனவர். வயசு அறுபத்தாறு.

"டேய், பத்துக் கிலோமீட்டர் நடந்தே போனாலும் மெடல் உண்டாமே?"

"உண்டு சித்தப்பா. டாக்டர் ஓகே சொல்லணும்."

"கேட்டுட்டேன், நடக்கச் சொல்லிட்டார். ஒரு நம்பர் போட்டுடு. ஆனா கடைசியில வந்தா அசிங்கமா இருக்காதே?"

"கவலைப்படாதீங்க சித்தப்பா. அங்கே முதல் இடத்துக்கு நாலஞ்சு பேர்தான் போட்டி. கடைசி இடத்துக்குத்தான் தள்ளுமுள்ளு!"